அம்பது வயசு சைக்கிள் மேல அம்புட்டு லவ்வு!

பெயின்ட் உரிஞ்சிருக்கும். பிரேக் ஒயர் ஹேண்டில்பாருக்கு மேல துணிக்கொடி மாதிரி வளைஞ்சு நிக்கும். தோல் சீட்டு வெயில்ல கறுத்துக் கிடக்கும். காயலான் கடைக்காரரே கொஞ்சம் யோசிச்சுத்தான் விலை சொல்வார். ஆனா, அப்படியொரு சைக்கிளைப் பார்த்ததும் தரையில மண்டி போட்டு, டார்ச் அடிச்சு ஃபிரேம் நம்பர் தேடுற ஒரு கூட்டம் உலகம் பூரா இருக்கு பாஸ்! இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான்னு பரவிக் கிடக்கிற இந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு பைத்தியம்தான்... பழைய ஸ்டீல் டூரிங் சைக்கிள்!

‘தாத்தா காலத்துக் கடிகாரம், கிராமஃபோன் மாதிரி இதுவும் பழசு மேல பாசமா?’னு கேட்டா, பாதிதான் சரி. கிராமஃபோனை வெச்சு அழகு பார்க்கலாம். இந்த சைக்கிளை நல்லா துடைச்சு, டயர் மாத்தி, எண்ணெய் விட்டா ஆயிரம் கிலோமீட்டருக்குக் கிளம்பலாம். மேட்டரே அங்கதான் இருக்கு. இன்ஜினீயரிங் படிக்கிற நமக்கு அதுக்குள்ள பாதி சிலபஸே ஒளிஞ்சிருக்கு!

ரேஸ் குதிரை இல்ல... பொதி குதிரை!

முதல்ல, டூரிங் சைக்கிள்னா என்ன? தூரத்துல இருந்து பார்த்தா வளைஞ்ச ஹேண்டில்பாரோட ரேஸ் சைக்கிள் மாதிரிதான் இருக்கும். கிட்டப் போங்க, வித்தியாசம் புரியும். ரேஸ் சைக்கிள் ஒரே ஒரு ஆளைச் சுமந்துக்கிட்டு வேகமா பறக்கறதுக்கு. டூரிங் சைக்கிள் ஆளோட சேர்த்து கூடாரம், துணிமணி, அடுப்பு, பாத்திரம்னு ஒரு குடித்தனத்தையே சுமந்துக்கிட்டு நாள் முழுக்க உருளறதுக்கு.

அதனால பின்சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளியே வெச்சிருப்பாங்க. பெடல் ஆக்சில்ல இருந்து பின் ஆக்சில் வரைக்கும் ரேஸ் சைக்கிள்ல 41 சென்டிமீட்டர் சொச்சம் இருந்தா, இதுல 44, 45 வரைக்கும் போகும். அந்த மூணு, நாலு சென்டிமீட்டர் எதுக்கு? பின்னாடி தொங்குற பையில குதிகால் இடிக்காம இருக்க! சக்கரங்களுக்கு நடுவுல தூரம் கூடுறதால, பாரம் ஏத்தினாலும் வண்டி அலையாது. மட்கார்டுக்கு இடம், கேரியர் மாட்ட ஃபிரேம்லயே துளை, மலையேற முன்னாடி மூணு செயின் வீல்... இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கும். அலங்காரத்துக்குன்னு எதுவும் கிடையாது. அந்தக் காரணமே ஒரு அழகா தெரியுதுங்கிறதுதான் ரசிகர்களோட கட்சி.

கியரை முதல்ல கொண்டாடினது யாரு?

ரேஸ்காரங்கதான் புதுசு புதுசா கண்டுபிடிப்பாங்க, சுற்றுலாக்காரங்க மெதுவா பின்னால வருவாங்கனுதானே நினைக்கிறோம்? பிரான்ஸ்ல கதை உல்ட்டா!

சான்த் எத்தியென் ஊரைச் சேர்ந்த பால் டி விவி (1853-1930), ‘வெலோசியோ’ங்கிற புனைபெயர்ல சைக்கிள் பத்திரிகை நடத்தினவர். மலைப்பாதையில சைக்கிள் ஓட்ட பல கியர் வேணும்னு வருஷக்கணக்கா எழுதியும் ஓட்டியும் காட்டினார். அதே நாட்டுல, 1903-ல் டூர் டி பிரான்ஸ் போட்டியை ஆரம்பிச்ச ஹென்றி தெக்ராஞ்சுக்கு கியர்னாலே ஆகாது. ‘வீரன்னா காலால ஜெயிக்கணும், மெஷினால ஜெயிக்கக் கூடாது’ங்கிற டைப் அவர். அவர் போட்டியில மலை வந்தா, வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, அந்தப் பக்கம் இருக்கிற வேற பல்சக்கரத்துல செயினைப் போட்டுட்டு ஏறுவாங்க. டூர் டி பிரான்ஸ்ல கியர் மாத்துற டிரெயிலருக்கு அனுமதி கிடைச்சதே 1937-லதான். அதுக்குப் பல வருஷம் முன்னாடியே நம்ம டூரிங் பார்ட்டிங்க கியரை மாத்திக்கிட்டே மலையேறி, உச்சியில உட்கார்ந்து சாப்பாடு சாப்பிட்டுட்டு இருந்தாங்க!

1930, 40-கள்ல பிரான்ஸ்ல சைக்கிள் செய்யறவங்களுக்குன்னே தனிப் போட்டிகள் நடந்தன. கரடுமுரடான மலைப்பாதையில சைக்கிளை ஓட்டணும். எடை குறைஞ்சா மார்க் கூடும். ஏதாவது உடைஞ்சா, கழண்டா மார்க் போச்சு. சுருக்கமா சொன்னா, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ரோட்டுல வெச்சு வைவா! பாரிஸை ஒட்டின லெவலுவா-பெரேவுல கடை வெச்சிருந்த ரெனே ஹெர்ஸ், அலெக்ஸ் சிங்கர் ரெண்டு பேரும் இதுல கில்லிகள். மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து எட்டு கிலோவை ஒட்டி எடையுள்ள சைக்கிளை அவங்க அப்பவே செஞ்சு காட்டினாங்க. கார்பன் ஃபைபர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. வெறும் ஸ்டீல் குழாய், கொஞ்சம் அலுமினியம், நிறைய யோசனை!

அந்த மந்திர எண் 531

ரசிகர்கள் கூட்டத்துல ‘ஃபைவ் த்ரீ ஒன்’னு சொல்லிப் பாருங்க, கண்ணுல பல்பு எரியும். ரெனால்ட்ஸ் 531. இங்கிலாந்துல பர்மிங்காம் ரெனால்ட்ஸ் கம்பெனி 1935-ல் வெளியிட்ட ஸ்டீல் குழாய். மாங்கனீஸ்-மாலிப்டினம் கலந்த உலோகம். 1961-ல் வந்த ஜாகுவார் ஈ-டைப் கார்ல இன்ஜினைத் தாங்குற முன்பக்கச் சட்டம்கூட இந்தக் குழாய்லதான் செஞ்சது.

இப்ப எஸ்.ஓ.எம். லேப்புக்குள்ள ஒரு நிமிஷம் வாங்க. சாதா மைல்டு ஸ்டீல் ஒரு துண்டு, 531 ஒரு துண்டு, ரெண்டையும் யு.டி.எம்-ல மாட்டி இழுத்தா எது முதல்ல நீளும்? 531 விறைப்பா இருக்கும்னு தோணும். ஆனா ரெண்டும் ஆரம்பத்துல ஒரே அளவுதான் நீளும்! யங்ஸ் மாடுலஸ் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், சுமார் 200 கிகா பாஸ்கல். வித்தியாசம் வர்றது அதுக்கப்புறம். மைல்டு ஸ்டீல் ‘போதும்டா சாமி’னு வளைஞ்சு கொடுக்குற இடத்தைத் தாண்டி, 531 இன்னும் ரொம்ப தூரம் தாக்குப் பிடிக்கும்.

அப்போ அதனால என்ன லாபம்? குழாயோட சுவரை மெல்லிசாக்கலாம்! அதுலயும் ஒரு சூட்சுமம் வெச்சாங்க. குழாயோட ரெண்டு முனையிலயும்தான் இணைப்பு வருது, சூடு படுது, அழுத்தமும் அதிகம். நடுவுல அவ்வளவு பாரம் இல்லை. அதனால முனையில 0.8 மி.மீ., நடுவுல 0.5 மி.மீ. சொச்சம்னு உள்பக்கமா மட்டும் சுவரை மெலிய வெச்சாங்க. வெளிய இருந்து பார்த்தா ஒரே சீரான குழாய்தான். ‘பட்டட் டியூப்’னு பேரு. ஆல்ஃப்ரெட் ரெனால்ட்ஸ் இதுக்கு 1897-லயே காப்புரிமை வாங்கிட்டார்.

இந்த மெல்லிசுக் குழாய்களை நேரடியா உருக்கி வெல்டிங் பண்ணினா இணைப்புக்குப் பக்கத்துல பலம் போயிடும். அதனால ‘லக்’ங்கிற உறைக்குள்ள குழாயைச் செருகி, பித்தளையோ வெள்ளிக் கலவையோ உருக்கி, அந்த இடுக்குல ஓட விடுவாங்க. குழாய் உருகாது, நடுவுல ஓடுற உலோகம் மட்டும்தான் உருகும். இதுதான் பிரேசிங். அந்த லக்கோட ஓரத்தை அரத்தால ராவி, இலை மாதிரி, வேல் மாதிரி கூர்மையாக்கி விடறது செய்யறவரோட கையெழுத்து. அதைப் பார்த்தே ‘இது இன்னார் கடை வண்டி’னு சொல்ற ஆளுங்க உண்டு!

பர்மிங்காம் டு அம்பத்தூர்

இந்த 531 கதையில நம்ம சென்னைக்கும் ஒரு சொந்தம் இருக்கு. ரெனால்ட்ஸ் கம்பெனி 1928-ல் ‘டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்’ங்கிற பர்மிங்காம் குழுமத்துக்குள்ள போயிருச்சு. அதே குழுமம்தான் 1949-ல் முருகப்பா குடும்பத்தோட கை கோத்து அம்பத்தூர்ல ‘டி.ஐ. சைக்கிள்ஸ்’ ஆரம்பிச்சது. ‘டி.ஐ.’ங்கிற ரெண்டு எழுத்து அங்க இருந்து வந்ததுதான். அம்பத்தூர் பக்கம் ஸ்டெட்ஃபோர்டு ஆஸ்பத்திரியைக் கடந்து போயிருப்பீங்க. அந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு வேற யாரும் இல்லை, அந்த பர்மிங்காம் குழுமத்தோட தலைவர்!

அம்பத்தூர்ல இருந்து முக்கியமா வெளிய வந்தது பால்காரரும் போஸ்ட்மேனும் மிதிச்ச கனமான ஹெர்குலஸ், ஃபிலிப்ஸ் வண்டிகள். பர்மிங்காம் டூரிங் வண்டி மாதிரி லேசு கிடையாது. ஆனா ரெண்டுக்கும் வம்சம் ஒண்ணு. நாம குரங்கு பெடல் போட்டுப் பழகின வண்டிக்கு, ஆல்ப்ஸ் மலை ஏறுற ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தர் இருந்திருக்கார்!

சி.பி.ஐ. வேலை

ஃபிரேம் மேல ஒட்டியிருக்கிற 531 ஸ்டிக்கரை எவர் வேணா ஒட்டலாமே, நிஜமானு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கதான் ரசிகர்கள் துப்பறியும் சாம்பு ஆகறாங்க.

சீட் பில்லரைக் கழற்றுவாங்க. அதுல பொறிச்சிருக்கிற விட்டத்தைப் பார்ப்பாங்க. பழைய இங்கிலீஷ் அளவுல சீட் குழாயோட வெளி விட்டம் 28.6 மி.மீ. பில்லர் 27.2 மி.மீ-னு இருந்தா, மிச்சம் 1.4. ரெண்டு பக்கமும் பங்கு போட்டா சுவர் 0.7-க்குள்ள. அப்போ மெல்லிசுக் குழாய், நல்ல சரக்கு! அதுவே 26 மி.மீ. சொச்சம்னா குழாய் தடிமன், ஸ்டிக்கர் மேல சந்தேகம். ஒரு கழித்தல் கணக்குல உண்மை வெளிய வந்துரும்.

வயசு தெரியணுமா? ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப் மேலயே செஞ்ச வருஷத்தை அடிச்சிருப்பாங்க. ஷிமானோ பாகங்கள்ல ரெண்டு எழுத்துல மாசமும் வருஷமும் ஒளிஞ்சிருக்கும். ஹப் ஒரு வருஷம், பிரேக் ஒரு வருஷம்னு முரண்பட்டா, நடுவுல யாரோ கை வெச்சிருக்காங்கனு அர்த்தம்.

இந்த ஆசையில தலைவலியும் உண்டு. பெடல் ஆக்சில் மாட்டுற மரையில இங்கிலாந்துக்கு ஒரு அளவு, இத்தாலிக்கு ஒண்ணு, பிரான்ஸுக்கு ஒண்ணு. ராலே கம்பெனி தனக்குன்னு இன்னொண்ணு வெச்சிருந்தது. பிரெஞ்ச் ஹேண்டில் தண்டு 22.0 மி.மீ., மத்தவங்களுது 22.2. அந்த 0.2 மி.மீ-க்காக உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சவங்க கதை ஏராளம்! டயர் கதை இதைவிடக் காமெடி. பழைய டூரிங் வண்டியோட 27 இஞ்ச் டயர் உட்கார்ற ரிம் விட்டம் 630 மி.மீ. அப்புறம் வந்த 700சி-க்கு 622. நம்ம ஊரு 28 இஞ்ச் டயருக்கு 635. பேர்ல ஒரு இஞ்ச் வித்தியாசம், நிஜத்துல வெறும் 5 மி.மீ.!

ஸ்டீல்னா மெத்தை மாதிரியா?

‘ஸ்டீல் ஃபிரேம்ல ஓட்டினா மெத்து மெத்துனு இருக்கும்’னு இந்தக் கூட்டத்துல பலர் சத்தியம் பண்ணுவாங்க. இதை ஒரு தடவை சோதிச்சே பார்த்திருக்காங்க. 1990-கள்ல ஒரு அமெரிக்க சைக்கிள் பத்திரிகைக்காக, இத்தாலிய வினைஞர் அந்தோனியோ மோண்டோனிகோ ஒரே அளவுல ஏழு ஸ்டீல் ஃபிரேம் செஞ்சு கொடுத்தார். ஏழுக்கும் ஏழு வித கொலம்பஸ் குழாய், மலிவுல இருந்து உசத்தி வரைக்கும். எது எதுன்னு சொல்லாம ஓட்டக் கொடுத்தாங்க. ரிசல்ட்? பெரிய வித்தியாசமே தெரியலை!

கொஞ்சம் யோசிச்சா நியாயம்தான். ரோட்டுல இருந்து வர்ற குலுக்கல்ல பெரும் பங்கை வாங்கிக்கிறது டயர்ல இருக்கிற காத்து. முக்கோண ஃபிரேம் மேலும் கீழுமா வளையறது அதோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லை. டூரிங் வண்டி சுகமா போகுதுன்னா அதுக்குக் காரணம் அகலமான டயர், நீளமான உடம்பு, ஆளுக்கேத்த மாதிரி படிஞ்சுபோற தோல் சீட்டு. ஸ்டீலுக்குப் போட்ட மாலையில பாதியை டயருக்குப் போடணும்!

அப்போ ஸ்டீலோட நிஜமான பெருமை எது? சொகுசு இல்லை... மன்னிக்கிற குணம்!

உடைஞ்சாலும் முடியாத கதை

ஜெர்மனியோட ஹூவெல்ஹோஃப்ல இருந்து ஹெய்ன்ஸ் ஷ்டூக்கே 1962-ல் மூணு கியர் ஸ்டீல் சைக்கிள்ல கிளம்பினார். வண்டி எடை மட்டும் 25 கிலோ சுமார். ஊரு ஊரா, நாடு நாடா அம்பது வருஷம் சுத்தினார். ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு மேல! வழியில ஃபிரேம் பல தடவை உடைஞ்சது. ஒவ்வொரு தடவையும் கிடைச்ச பட்டறையில பத்த வெச்சுட்டு மறுபடியும் மிதிச்சார். 2006-ல் இங்கிலாந்து போர்ட்ஸ்மவுத்ல அந்த வண்டியைத் திருடிட்டாங்க. நல்லவேளை, திரும்பக் கிடைச்சது. 

அயர்லாந்துப் பெண் டெர்வ்லா மர்ஃபி 1963-ல் ‘ராஸ்’னு செல்லப் பேரு வெச்ச சைக்கிள்ல ஐரோப்பா, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியா தனியா டெல்லி வரைக்கும் வந்தார். கிளம்பறதுக்கு முன்னாடி அவர் செஞ்ச வேலை என்ன தெரியுமா? கியரைக் கழற்றிப் போட்டதுதான்! ‘இந்த ரோட்டுல அது தாங்காது’னு முடிவு. எதைச் சேர்க்கணும்னு இல்லை, எதை விட்டுட்டுப் போகணும்னு யோசிச்சவர். அந்தப் பயணத்தை எழுதின புத்தகம் 1965-ல் வந்தது. 2022-ல் அவர் காலமானார்.

இந்தக் குணத்துக்குப் பின்னாடி மெட்டலர்ஜி இருக்கு. ஒரு அளவுக்குக் கீழ பாரம் ஏத்துற வரைக்கும் ஸ்டீல் எத்தனை லட்சம் தடவை குலுங்கினாலும் களைச்சுப் போகாது. ஃபட்டீக் லிமிட்னு நாம மனப்பாடம் பண்றோமே, அதேதான். அலுமினியத்துக்கு அப்படி ஒரு கோடே கிடையாது. அப்புறம், ஸ்டீல் பொதுவா உடையறதுக்கு முன்னாடி வளைஞ்சு எச்சரிக்கும். வளைஞ்சதை நிமிர்த்தவும் விடும். பழைய வண்டியில பின்சக்கரத்துக்கு 126 மி.மீ. இடம்தான் இருக்கும். பின்னாடி வந்த சக்கரத்துக்கு 130 வேணும். என்ன பண்றாங்க? விவரம் தெரிஞ்சவங்க அளந்து பார்த்து, ரெண்டு பக்கமும் சமமா, ஃபிரேமையே விரிச்சு விட்டுடறாங்க! கார்பன் ஃபைபர்ல இந்த வேலையைச் செஞ்சா அதோட கதை முடிஞ்சது.

வந்தாங்க, போனாங்க, திரும்பி வந்தாங்க

1976-ல் அமெரிக்காவோட 200-வது பிறந்தநாளுக்கு ‘பைக்சென்டென்னியல்’னு ஒரு பயணம் நடத்தினாங்க. மேற்குக் கரையில ஆரிகன்ல இருந்து கிழக்குல வர்ஜீனியா வரைக்கும், சுமார் 6,800 கிலோமீட்டர். நாலாயிரம் பேருக்கு மேல கலந்துக்கிட்டாங்க. அதே வருஷம் விஸ்கான்சின்ல ஒரு பழைய கொட்டகையில ஸ்டீல் ஃபிரேமைக் கையால பிரேசிங் பண்ண ஆரம்பிச்சது ஒரு குட்டி கம்பெனி. பேரு... ட்ரெக்! இங்கிலாந்துல 1971-ல் வந்த டாஸ் கேலக்ஸி, கடையில வாங்கி நேரா டூர் கிளம்புற வண்டியா பேரெடுத்தது.

1980-கள்ல மவுண்டன் பைக் அலை அடிச்சது. பின்னாடியே அலுமினியம், கார்பன். லக் வெச்சு நிதானமா ஒட்டற வேலைக்கு நேரமும் கூலியும் கட்டுப்படியாகலை. டூரிங் வண்டிங்க கொட்டகைக்குள்ள போயிடுச்சு.

திரும்ப வெளிய இழுத்தவங்கள்ல ஒரு கோஷ்டி இத்தாலியில இருக்கு. 1997-ல் டஸ்கனி பக்கம் கயோலே கிராமத்துல ‘லெரோயிகா’னு ஒரு பயணம் ஆரம்பிச்சாங்க. 1980-களின் பிற்பகுதிக்கு முந்தின ரோடு சைக்கிள்தான் அனுமதி. கியர் நெம்புகோல் ஃபிரேம் மேல இருக்கணும், பிரேக் ஒயர் வெளிய தெரியணும். ஓட்டறது தார் ரோட்டுல மட்டும் இல்லை, வெள்ளை மண் பாதையிலயும்தான்! பழைய சைக்கிளைக் காப்பாத்தறது பாதி நோக்கம். தார் போடாம விட்ட அந்தப் பாதைகளைக் காப்பாத்தறது மீதி நோக்கம்.

சுவத்துலயா, ரோட்டுலயா?

இன்னிக்கு இந்தக் கூட்டத்துக்குள்ள ஓடுற பெரிய பட்டிமன்றம் இதுதான். ஒரு கட்சி, ‘ஒரிஜினல் பெயின்ட்டைத் தொடாதே. கீறல்கூட சரித்திரம். புதுசா அடிச்சா போனது போனதுதான்’கும். இன்னொரு கட்சி, ‘துரு தின்னுட்டா சரித்திரம் எங்க இருக்கும்? சுரண்டி, பெயின்ட் அடிச்சு, ஓட்டு’ங்கும். மூணாவதா ஒரு பணக்காரக் கட்சி, ஹெர்ஸ், சிங்கர் வண்டிகளை வாங்கி சுவத்துல ஓவியம் மாதிரி மாட்டிக்கும். அதனால விலை ஏறுது. ஓட்ட ஆசைப்படறவன் கைக்கு எட்டாம போகுது.

என் ஓட்டு ஓட்டறவங்களுக்குத்தான். மலைப்பாதையில வெச்சு மார்க் போட்டுத் தேர்ந்தெடுத்த பொருள் அது. அதைச் சுவத்துல மாட்டறது, ரேங்க் ஹோல்டரை வேலைக்கு எடுத்துட்டு ரிசப்ஷன்ல உட்கார வைக்கிற மாதிரி! செயின் ஓடினாத்தான் அதைச் சரி பண்ணத் தெரிஞ்ச கையும் பிழைக்கும். அந்தக் கை போச்சுன்னா, 531-ங்கிறது வெறும் ஸ்டிக்கர்.

நமக்கு இதுல ஒரு பாடமும் இருக்கு. ப்ராஜெக்ட் ரிவ்யூல ‘எவ்ளோ வேகம், எவ்ளோ லேசு, எவ்ளோ விலை’னு கேட்கறாங்க. ‘இருபது வருஷம் கழிச்சு, பேரு தெரியாத ஊர்ல உடைஞ்சா, அங்க இருக்கிற ஆளால சரி பண்ண முடியுமா?’னு கேட்கறவங்க குறைவு. ஷ்டூக்கேவோட சைக்கிள் அந்தக் கேள்விக்கு அம்பது வருஷம் பதில் சொல்லியிருக்கு.

கடைசியா ஒரு டிப்ஸ். வீட்டு மாடிப்படிக்குக் கீழ அப்பாவோ தாத்தாவோ ஓட்டின ஸ்டீல் சைக்கிள் கிடந்தா, இந்த ஞாயித்துக்கிழமை சீட் பில்லரைக் கழற்றிப் பாருங்க. அசையலைனா பல வருஷ துரு உள்ள பிடிச்சிருக்குனு அர்த்தம். எண்ணெய் விட்டு ரெண்டு நாள் பொறுங்க. கழண்டு வந்ததும் நல்லா துடைச்சு, விரல்ல கொஞ்சம் கிரீஸ் எடுத்துத் தடவி மறுபடி மாட்டுங்க. அந்த வண்டிக்கு இன்னும் ஒரு முப்பது வருஷம் போட்டுக்கலாம்!